பைப் கடைக்குள்ள ஓர் அணு உலை

அணு உலையைக் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஓட்டிப் பார்க்கிற என்னை மாதிரி ஆளுக்கு ஒரு நிம்மதி, எது உருகினாலும் ஊருக்குச் சேதமில்லை. மானம் மட்டும்தான் போகும். வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற சகபாவிகளுக்கு இது புரியும்.

நம்ம தொழில்தான்

என் வேலைக்குப் பேர் கப்ளிங். உலைக்குள்ள நியூட்ரான் எங்கெங்க ஓடி எவ்வளவு சூடு கிளப்புதுன்னு ஒரு புரோகிராம் கணக்குப் போடும். அந்தச் சூட்டுல தண்ணி எப்படி ஓடும்னு இன்னொண்ணு போடும். தண்ணியோட சூடு மாறினா நியூட்ரான் கணக்கும் மாறிப்போகும். ரெண்டும் மாத்தி மாத்திச் சேதி சொல்லி ஒரே விடைக்கு வர்ற வரைக்கும் நடுவுல நிக்கிற தரகு வேலை என்னுது.

அப்பாவுக்கு அருப்புக்கோட்டையில பைப், ரெண்டு பைப்பை இணைக்கிற கப்ளிங் எல்லாம் விக்கிற கடை. அவருக்கு நெஞ்சு ஆபரேஷன் ஆனதுலேருந்து லேப்டாப்போட கடைக்குப் பின்னாடி ரூம்லதான் இருக்கேன். மக என்ன வேலை பாக்குதுன்னு யாராச்சும் கேட்டா அப்பா பெருமையாச் சொல்லுவாரு: "நம்ம தொழில்தான். அவளும் கப்ளிங்தான்."

பந்தல்குடிக்காரர்

மேலதிகாரி கறாராச் சொல்லிட்டாரு. அடுத்த ஆய்வுக் கூட்டத்துக்குள்ள ரெண்டு கணக்கும் ஒத்துப்போனா வீட்டிலேயே இருக்கலாம். இல்லேன்னா ஹைதராபாத் ஆபீசுக்குக் கிளம்பணும். அப்பாவைத் தனியா விட்டுட்டு எப்படிப் போறது?

கணக்கோ அடங்குற மாதிரி தெரியல. உலையோட பவர் கண்டமேனிக்கு ஏறுது. நியூட்ரான் கணக்குப் பாக்குறவர்கிட்ட போன்ல கத்திட்டேன்: "இந்தக் கப்ளிங் நிக்கவே மாட்டேங்குது! இப்படியே விட்டா எல்லாம் உருகிரும்!" கடை முன்னால தோட்டத்துக்குப் பைப்பும் கப்ளிங்கும் எடுத்துக்கிட்டிருந்த பந்தல்குடிக்காரர், கையில இருந்ததை மெதுவா மேசைமேல வச்சாரு. "அண்ணாச்சி, தப்பா நெனைக்காதீக. நான் வேற கடையில பாத்துக்கிறேன்."

பச்சைத்தண்ணி

நியூட்ரான் பக்கத்தைச் சென்னையிலிருந்து பார்க்கிறவர் சதீஷ். தண்ணிப் பக்கம் நான். தப்பு உங்க பக்கம்தான்னு ரெண்டு பேரும் சம்பந்திச் சண்டை போட்டோம். கடைசியில ரெண்டு பேர் கணக்கையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா, நான் அனுப்பின சூடு செல்சியஸ். அவர் வாங்கினது கெல்வின். செல்சியஸ்ல முந்நூறுன்னா எண்ணெய் புகையுற சூடு. கெல்வின்ல முந்நூறுன்னா பச்சைத்தண்ணி. அடடா, உலை குளுந்து கெடக்குன்னு நெனச்சு அவர் புரோகிராம் பவரை ஏத்து ஏத்துன்னு ஏத்தியிருக்கு!

எந்த அளவுல அனுப்பணும்னு யாரும் யாருக்கும் சொல்லவே இல்லை. சதீஷ் உடனே கணக்கை முடிச்சுட்டாரு. "அப்ப நம்ம ரெண்டு பேர் மேலயும் தப்பில்லை மேடம். மெயில்ல அப்படியே போட்டுருவோமா?"

பிரஷர்

அளவைச் சரிபண்ணி ஓட்டினதும் ரெண்டு கணக்கும் ஒத்துப்போயிருச்சு. கூட்டம் முடிஞ்சு, வீட்டிலிருந்தே பார்க்கலாம்னு உத்தரவும் வந்துச்சு. எனக்கு அழுகையே வந்துருச்சு. ஓடிப்போய், "இனிமே எங்கேயும் போகலப்பா"ன்னேன்.

அப்பாவோட பிரஷர் ஏன் எறங்கவே மாட்டேங்குதுன்னு டாக்டர் தலையைப் பிச்சுக்கிட்டிருந்த நேரம் அது. அப்பா என்னையே பாத்துக்கிட்டிருந்துட்டு, மேசை டிராயரைத் திறந்து, முழுங்காம ஒளிச்சு வச்சிருந்த மாத்திரையெல்லாம் எடுத்து மேசைமேல வச்சாரு. கண்ணு கலங்கியிருந்துச்சு. "இன்னையிலேருந்து ஒழுங்காப் போட்டுர்றேன் தாயி. நான் தேறிட்டா நீ போயிருவியோன்னுதான் போடாம இருந்தேன்."

எத்தனையோ உலைய ஓட்டிப் பாத்திருக்கேன், என்னைப் பக்கத்துலயே வச்சுக்கணும்னு எந்த உலையும் வேணும்னே பிரஷரை ஏத்திக்கிட்டதில்லைங்க.