டாக்டரிடம் சொல்லாத ரயில்

என் முழங்காலில் குருத்தெலும்பு சேதமாகியிருந்தது. பெங்களூர் டாக்டர் என் வேலையைக் கேட்டார். உட்கார்ந்து பார்க்கும் ஆபீஸ் வேலை என்றேன். அப்படியானால் ஆபரேஷன் முடிந்து இரண்டே வாரத்தில் ஊன்றுகோலோடு வேலைக்குப் போகலாம் என்றார்.

ஆபரேஷனுக்கான சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடும்போது என் கணவர் கேட்டார்: "கோலார் தங்கவயல்லேர்ந்து தினம் ரயில்ல நின்னுகினே வேலைக்கு வரியே, அத டாக்டராண்ட சொன்னியா?"

சொல்லவில்லை. இருபது வருடப் பழக்கத்தில் அது எனக்கு ஒரு வேலையாகவே தோன்றவில்லை.

அதைக் கேட்ட டாக்டர் படிவத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "அந்தக் கூட்டத்துல ஒருத்தர் இடிச்சாலும் ஆபரேஷன் வீணாயிடும்மா. அவசரமில்ல, மூணு மாசம் பயிற்சி செய்ங்க, ரயில்ல நிக்காதீங்க. அப்புறம் பார்க்கலாம்."

இப்போது வலி பாதியாகிவிட்டது. யார் இடம் கொடுத்தாலும் வெட்கப்படாமல் உட்கார்ந்துவிடுகிறேன். எந்த டாக்டர் வேலையைக் கேட்டாலும் ரயிலிலிருந்துதான் ஆரம்பிக்கிறேன்.