பிக்கு காத்திருந்த பகல்

சின்ன மாமாவின் படகு இறக்கக்கண்டிக் கடலிலிருந்து திரும்பாத அந்த நாட்களில், எங்கள் வீட்டில் எல்லோரும் நன்றாகப் பொய் சொல்லப் பழகியிருந்தார்கள். நிறைமாதமாக இருந்த மாமியிடம், அவர் முல்லைத்தீவுப் பக்கம் கரையேறிவிட்டாராம் என்றார் அப்பா. போனில் சார்ஜ் இல்லையாம் என்று அம்மா சேர்த்துக்கொண்டார். மாமி தலையாட்டினார், சாப்பிடத்தான் இல்லை.

ஒரு நாள் காலையில் பக்கத்து விகாரையின் பிக்கு வந்தார். சந்தையில் எங்கள் ஆட்களோடு கதைத்துக் கதைத்துத் தமிழ் பிடித்தவர். வாசல் படலையடியிலேயே நின்று அம்மாவிடம் மெல்லச் சொன்னார். மாமாவின் உடலைச் சிங்கள மீனவர்கள் கரைசேர்த்திருந்தார்கள். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பிறகு கெஞ்சினார்.

“சாமி, ஆசுப்பத்திரியில இருக்கிறார் எண்டு சொல்லுங்கோ. நீங்கள் சொன்னா நம்புவா.”

“பொய் சொல்ல ஏலாது, அம்மா. ஆனா உண்மையையும் இப்பவே சொல்ல மாட்டன். அவவுக்குப் பக்கத்தில ஆள் வேணும்.”

மருத்துவிச்சியைக் கூப்பிடச் சொன்னார். திரியாயிலிருந்து மாமியின் அக்காவையும் வரவழைக்கச் சொன்னார். இருவரும் வந்துசேரும்வரை வேப்பமரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில், மத்தியானச் சாப்பாட்டுக்கும் எழும்பாமல், அப்படியே இருந்தார். உள்ளறையில் படுத்திருந்த மாமிக்கு அவர் வந்ததே தெரியாது.

வெயில் சாயும்போது மாமியை வெளியே கூட்டிவந்தார்கள். காவியைக் கண்டதும் மாமியின் முகம் மாறியது. பிக்கு கதிரையை விட்டிறங்கி மணலில் இருந்தார்.

“சாமி, அவர் இருக்கிறாரோ?”

“இல்லை, மகள்.”

மாமியை அக்கா இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அழுது ஓய்ந்தபின் மாமி கேட்டார்: “நொந்திருக்குமோ?”

இல்லையென்று சொல்ல எல்லோரும் வாயெடுத்தார்கள். பிக்கு முந்திக்கொண்டார்.

“எனக்குத் தெரியாது, மகள். நான் போய்ப் பாத்தனான். அவரைக் கரைசேத்த ஆக்கள் பக்கத்திலயே இருக்கிறாங்கள். தனிய விடேல்ல.”

அவருடைய கண்களும் கலங்கியிருந்தன. அதன்பிறகு மாமி வேறு எவரிடமும் எதையும் கேட்கவில்லை. அவரிடமே கேட்டார், திரும்பத் திரும்ப. அவரும் சலிக்காமல் பதில் சொன்னார்.

அயல்வீட்டார் கொண்டுவந்த சோற்றில் அம்மா அவருக்கும் ஒரு தட்டு நீட்டினார். அவர் கைகூப்பி மறுத்து, தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போனார். எங்கள் ஆட்களின் சோறு அவருக்கு இறங்காதாக்கும் என்று எனக்கு ஒரே கோபம். மத்தியானம் கடந்தால் மறுநாள் விடியும்வரை பிக்குமார் சாப்பிடமாட்டார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது.