தரைப்பாலத்துக்கு அந்தப் பக்கம் நின்ற எண்ணெய்

உத்திரமேரூரிலிருந்து எங்கள் ஊருக்கு வரும் சாலையில் ஒரு தரைப்பாலம் உண்டு. ஏரி நிரம்பி, உபரித் தண்ணீர் வெளியேறும் கலங்கல் வழிந்தால் தண்ணீர் அதன்மேல் ஓடும். ஊரில் எல்லோருக்கும் இது தெரியும். எங்களுக்கு மளிகைச் சரக்கு அனுப்பும் மொத்த வியாபாரக் கம்பெனியின் கைப்பேசிச் செயலிக்கு மட்டும் தெரியாது.

கடை என் கணவருடையது. நாளிதழ் வேலையை விட்டபிறகு நானும் பாதி நாள் கல்லாவில் உட்காருகிறேன். முன்பெல்லாம் பருப்பும் புளியும் உத்திரமேரூர் மண்டியிலிருந்து வரும். சோப்பு, பிஸ்கட்டை காஞ்சிபுரம் ஏஜென்சி வண்டிகள் இறக்கிவிட்டுப் போகும். நல்லெண்ணெய் ஊர்க்கோடியில் இருக்கும் செக்கிலிருந்து. செயலி வந்தபிறகு எல்லாம் ஒரே வண்டியில் வந்தது. விலையும் குறைவு, அலைச்சலும் இல்லை. மற்ற எல்லோரையும் இவர் ஒவ்வொருவராகக் கைவிட்டார்.

எதிரே இன்னொரு மளிகைக் கடை. அதை நடத்துபவர் இவருக்குப் பங்காளி. ஒரு தகரக் கூரை எவ்வளவு தூரம் நீண்டிருக்கலாம் என்ற விவகாரத்தில் இருவருக்கும் பேச்சு நின்று போயிற்று. பார்வை நிற்கவில்லை. இவர் புதுசாக ஒரு நூடுல்ஸ் பெட்டி இறக்கினால் மறுவாரம் அங்கே இரண்டு பெட்டி இறங்கும். அவர் கொசுவத்தி அடுக்கினால் இங்கேயும் அடுக்கப்படும். எங்கள் வாசலில் நின்ற வண்டி சீக்கிரமே அவர் வாசலிலும் நிற்கத் தொடங்கியது. ஆக, ஊரில் இரண்டு கடைகள் இருந்தாலும் சரக்கு வரும் வழி ஒன்றுதான்.

கார்த்திகை தீபத்தன்று ஈசுவரன் கோயில் விளக்குகளுக்கான நல்லெண்ணெய் என் மாமனார் காலத்திலிருந்து எங்கள் கடையிலிருந்துதான் போகிறது. ஒரு வருடம் தவறினால் எதிர்க் கடைக்குப் போய்விடும் என்பது இவருடைய நிரந்தரக் கவலை. பங்காளியும் தர்மகர்த்தாவைப் பார்க்கும்போதெல்லாம் கேட்டு வைப்பார்.

போன வருடம் தீபத்துக்கு முதல் நாள் கலங்கல் வழிந்தது. வண்டி தண்ணீருக்கு அந்தப் பக்கம் நின்றது. டிரைவர் போன் செய்து, எண்ணெய் டின்கள் பத்திரமாக இருப்பதாகவும் தான் டீ சாப்பிடப் போவதாகவும் சொன்னார். செயலியில், 'உங்கள் சரக்கு வந்துகொண்டிருக்கிறது' என்று பச்சை எழுத்தில் இருந்தது. இவர் அதையே திறந்து திறந்து பார்த்தார்.

"அதப் பாத்துக்கினே இருந்தா தண்ணி வடிஞ்சிடுமா?" என்றார் பால் ஊற்ற வந்தவர்.

"எதுத்த கடையில எண்ணெய் கீதா பாரு" என்றார் இவர்.

பால்காரர் சாலையைக் கடந்து போய்க் கேட்டுத் திரும்பினார். "அங்கயும் இல்ல. உன்ட்ட கீதான்னு என்னியக் கேக்குறாரு."

எங்கள் கல்லாவிலிருந்து பார்த்தால் எதிர்க் கடையின் பின்சுவர் வரை தெரியும். அங்கே ஒரு மூட்டை எள் இருந்தது. கோடை அறுவடையில் வாங்கி, விற்காமல் கிடந்தது. அவர் வாங்கி இவர் வாங்காமல் விட்ட ஒரே சரக்கு அதுதான். நான் அதைச் சுட்டிக் காட்டினேன்.

"அவன்கிட்ட போயி நானா?" என்றார் இவர்.

"நீங்க போவாதீங்க. செக்குக்குப் போங்க. எள்ளு நான் கேக்குறேன்."

பால்காரரை அனுப்பிவிட்டு நானே சாலையைக் கடந்தேன். பங்காளி முறைக்கு எனக்குக் கொழுந்தனார். விஷயத்தைச் சொன்னதும் தராசைத் துடைக்க ஆரம்பித்தார். தராசு சுத்தமாகத்தான் இருந்தது.

"எண்ணெய் உங்க கடப் பேர்லதானே அண்ணி போவும்?"

"ஆமா."

இன்னும் கொஞ்ச நேரம் துடைத்தார். "சாமி வெளக்கு. மூட்டயத் தூக்கினு போவச் சொல்லுங்க." பிறகு யாரையும் எதிர்பார்க்காமல் அவரே தூக்கித் தன் ஸ்கூட்டரில் வைத்துக் கட்டினார்.

செக்கில் என் கணவர் ஏற்கெனவே வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார். "இன்னா நைனா, போன்ல எண்ணெய் ஊத்தலியா?" என்று கேட்டார் செக்குக்காரர். பின்னால் எள் மூட்டையோடு பங்காளி இறங்கியதைப் பார்த்ததும் அவருக்கு உற்சாகம் கூடிவிட்டது. "ரெண்டு பேருமா? அட, வழி ஞாபகம் கீதே!" சென்னைக் கடைக்கு அனுப்பவேண்டிய கடலையை நிறுத்திவிட்டு எள்ளைக் கொட்டினார். எண்ணெயைத் தெளிய விட நேரமில்லை. விளக்குக்கு இது போதும் என்றார். இருவரும் செக்கின் இரண்டு பக்கமும் நின்று எண்ணெயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். டின் நிரம்பி வழியப் போனபோது ஒரே சமயத்தில் "போதும், போதும்" என்றார்கள்.

மறுநாள் சாயங்காலம் கோயிலில் விளக்குகள் எரிந்தன. எண்ணெய் கொஞ்சம் கலங்கல், அங்கங்கே திரி படபடத்தது. தர்மகர்த்தா என் கணவரின் தோளில் கை வைத்தார். "பாலம் முழுகியும் கொணாந்துட்டியேப்பா. உங்கப்பா இருந்தா சந்தோசப்பட்டிருப்பாரு."

இவர் தலையாட்டிவிட்டு நின்றிருக்கலாம். பங்காளி சற்றுத் தள்ளி அகல்களுக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தார். அவர் எதுவும் சொல்லப் போவதில்லை என்பது தெரிந்தது.

"எள்ளு அவன் குடுத்தது" என்றார் என் கணவர். "எங்கிட்ட ஒண்ணும் இல்ல. அடுத்த வருசம் ரெண்டு பேர்கிட்டயும் பாதிப் பாதி சொல்லிடுங்க."

தர்மகர்த்தா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பங்காளி கையில் இருந்த திரியைத் திரும்பத் திரும்ப முறுக்கினார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது கேட்டேன்: "அத்தினி வருசமா காப்பாத்துனத இன்னாத்துக்குப் பாதியா குடுத்தீங்க?"

"சொல்லாம வுட்டிருந்தா, மறுபடி பாலம் முழுகும்போது அவன்கிட்டப் போயி நிக்க முடியுமா?" என்றார். சற்று நடந்துவிட்டு, "அவன் நாளிக்கு மண்டிக்குப் போறானாம். பருப்பு நானும் அங்கேயே சொல்லி வுடலாம்னு பாக்குறேன்" என்றார்.