மன்றாட்டுப் பட்டியலில் என் பெயர்: செம்பவாங்கிலிருந்து தேக்காவுக்கு, நிழல் வழியாக

கடந்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, சிங்கப்பூரின் வடக்கே இருக்கும் செம்பவாங்கிலிருந்து லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்காவுக்குத் தனியாகப் போய் வந்தேன். தினமும் எத்தனையோ பேர் போகும் வழி, இதில் எழுத என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு வெயில் படக்கூடாது. மூன்று மாதங்களுக்கு முன்பு எனக்கு லூபஸ் இருக்கிறது என்று மருத்துவர் சொன்னார். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி அந்த உடம்பையே தாக்குவதுதான் லூபஸ். வெயில் பட்டால் எனக்கு இரண்டு கன்னமும் சிவந்து தடிக்கும், மூட்டு வீங்கும், அப்புறம் இரண்டு மூன்று நாள் படுக்கைதான். மாத்திரையால் அடக்கி வைக்கலாம், ஒரேயடியாகப் போக்க முடியாது. என்னைப் போல வெயில் ஆகாத யாராவது இந்த ஊரில் தனியாகக் கிளம்பத் தயங்கிக்கொண்டிருந்தால் உதவட்டும் என்று நேரம், தூரம், செலவு எல்லாவற்றையும் குறித்து வைத்தேன்.

எனக்குப் பதினேழு வயது. எட்டாம் வகுப்பு வரை தூத்துக்குடியில் படித்தேன். அப்பாவுக்குக் கப்பல் பட்டறையில் வேலை கிடைத்து நாங்கள் இங்கே வந்த பிறகு செகண்டரி மூன்றோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, நின்றுவிட்டேன். காலையில் விரல் மடங்காது, அடிக்கடி காய்ச்சல் வரும். பள்ளிக்குப் போன நாளைவிடப் போகாத நாள்தான் அதிகம். அது நோய் என்று அப்போது யாருக்கும் தெரியாது. சோம்பல் என்றுதான் நானே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பள்ளியை விட்ட பிறகு வாரத்தில் நான் வெளியே போகும் ஒரே இடம் தேவாலயத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசை. அங்கே எனக்கு ஒரு வேலை உண்டு. கோயிலின் கடைசி வரிசையில் மடிக்கணினியோடு உட்கார்ந்து பாடல் வரிகளைத் திரையில் மாற்றிக்கொண்டே இருப்பேன். எல்லாரும் திரையைப் பார்ப்பார்கள், என்னை யாரும் பார்க்க மாட்டார்கள். யாரிடமும் பேச வேண்டியதில்லை. எனக்கென்றே செய்த வேலை மாதிரி இருக்கும்.

எங்கள் பங்குக் கோயிலில் பூசையின் நடுவே நோயாளிகளின் பெயர்களை வாசித்து அவர்களுக்காக மன்றாடுவார்கள். அம்மா என்னிடம் சொல்லாமல் என் பெயரைக் கொடுத்துவிட்டார். ஒரு ஞாயிறு, பட்டியலை வாசிக்கும் ஸ்டெல்லா ஆன்ட்டி, “படுத்த படுக்கையில் இருக்கும் சூசையம்மாள், சிறுநீரகக் கோளாறால் வாடும் அந்தோணிசாமி” என்று சொல்லிக்கொண்டே வந்து, “லூபஸ் நோயால் வாடும் இளம்பெண் ஜெனிட்டா” என்றார். முன் வரிசைகளில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பின்னால் திரும்பிப் பார்த்தார்கள். பூசை முடிந்ததும் மூன்று பேர் பப்பாளி இலைச் சாறு குடிக்கச் சொன்னார்கள். ஒருவர் என் தலையில் கை வைத்து அழுதார். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது.

அடுத்த வாரமும் வாசித்தார்கள். அதன் பிறகு நான்கு ஞாயிறு நான் போகவில்லை. “பிள்ளை வரலைன்னா கம்ப்யூட்டருக்கு வேற ஆள் பார்க்கட்டுமா?” என்று ஃபாதர் அம்மாவிடம் கேட்டாராம். அந்த நாற்காலியும் போய்விட்டால் எனக்கு வீட்டைத் தவிர வேறு இடம் இல்லை. ஆகவே பட்டியலிலிருந்து என் பெயரை எடுக்கச் சொல்ல வேண்டும். ஸ்டெல்லா ஆன்ட்டிக்குத் தேக்கா சென்டரில் தையல் கடை. போனில் பேசினால் எனக்கு வாய் வராது, நேரில் போனால் ஒருவேளை வரும் என்று நினைத்தேன்.

காலையில் மூட்டுப் பிடிப்பு விடவே எனக்கு ஒன்பதரை ஆகிவிடும். 10.05க்கு வீட்டைவிட்டு இறங்கினேன். முழுக்கைச் சட்டை, குடை, முகத்திலும் கழுத்திலும் புறங்கையிலும் வெயில் களிம்பு. எங்கள் அடுக்குமாடி புளோக்கிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை ஏறக்குறைய 140 மீட்டர், கூரை போட்ட நடைபாதை. கார் நிறுத்துமிடத்தின் நுழைவாயிலில் மட்டும் கூரை இல்லை. அங்கே வெயிலில் பதினொரு எட்டு வைக்க வேண்டும். அன்றைக்கு நான் எண்ணியது அந்த மாதிரி எட்டுகளைத்தான். போக வர அறுபதுக்குள் முடிக்க வேண்டும் என்பது என் திட்டம்.

பேருந்தில் இடது பக்கம் உட்கார்ந்தேன், வெயில் வந்தது. வலது பக்கம் மாறினேன். வண்டி திரும்பியதும் அங்கேயும் வந்தது. மறுபடி எழுந்தேன். அடுத்த நிறுத்தத்தில் வண்டியை நிறுத்திய ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். தமிழர்தான்.

“என்ன பொண்ணு, ஒரு சீட்டும் செட் ஆகலையா?”

“வெயில் அங்கிள்.”

“சிங்கப்பூர்ல இருந்துக்கிட்டு வெயிலுக்குப் பயந்தா எப்படி லா? இங்க வா, என் பின்னாடி சீட்டு. ஸ்டேஷன் வரைக்கும் நிழல்தான். நானும் அதுக்குத்தானே இந்த வேலையில இருக்கேன்!”

அவர் சொன்னது சரியாகவே இருந்தது. அந்த நேரத்தில் எங்கள் வட்டாரத்தில் பேருந்து ஏறுபவர்கள் ஓட்டுநருக்குப் பின்னால் உட்காருங்கள்.

ரயில் 10.31க்கு. செம்பவாங்கிலிருந்து பீஷான் வரை தரைக்கு மேலே போகும், ஜன்னல் பெரியது. கண்ணாடி வழியாக வரும் வெயிலும் எங்களுக்கு ஆகாது என்று மருத்துவமனைத் தாதி சொல்லியிருந்தார். காலையில் தெற்கே போகும்போது இடது பக்கம் உட்கார்ந்தால் பிடரியில் அடிக்கும், அதனால் கதவுகளுக்கு நடுவில் கம்பியைப் பிடித்து நின்றேன். கால் வலிப்பவர்கள் வலது ஓரம் உட்காரலாம். பீஷான் தாண்டியதும் ரயில் தரைக்குள் இறங்கிவிடும். அந்த இருட்டு வந்ததும் கையிலிருந்த குடையைப் பைக்குள் வைத்துவிட்டு, சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். ‘ஆன்ட்டி, என் பேரை லிஸ்ட்ல இருந்து எடுத்துடுங்க, ப்ளீஸ்.’ நியூட்டனில் ரயில் மாற வேண்டும். மாறும் வழி நீளம், நடக்க நான்கு நிமிடம், ஆனால் முழுக்கத் தரைக்கடியில். அங்கிருந்து லிட்டில் இந்தியா ஒரே நிறுத்தம். 11.14க்கு சி வாசல் வழியாக மேலே வந்தேன். தேக்கா சென்டர் பக்கத்திலேயே இருக்கிறது. காய்கறிக் கடைகளின் கூரையை ஒட்டி நடந்தால் திறந்தவெளி ஒன்பது எட்டுதான்.

மாடியில் ஸ்டெல்லா ஆன்ட்டியின் கடை பூட்டியிருந்தது. பக்கத்துக் கடையில் ஒருவர் தைத்துக்கொண்டிருந்தார். அவர் காசிம் அண்ணன் என்று பிறகு தெரிந்தது.

“அக்கா எதிர்ப்பக்கம் லைனிங் துணி வாங்கப் போயிருக்காங்க. பத்து நிமிஷம்னு சொன்னாங்க. அப்படின்னா ஒரு மணி நேரம்.”

நான் நின்றேன். பத்து நிமிடம் போனது, இருபது போனது. நின்றுகொண்டே இருந்தால் தைரியம் கரைந்து வீட்டுக்குத் திரும்பிவிடுவேன் என்று எனக்குத் தெரியும். துணிக்கடையின் வழி கேட்டுக்கொண்டு இறங்கினேன். இதுதான் நான் செய்த தவறு. நண்பகல் நெருங்கும் நேரம். சிராங்கூன் சாலையின் சிக்னலில் சிவப்பு விழுந்து, நிழலே இல்லாத இடத்தில் ஒன்றரை நிமிடம் நின்றேன். குடை தலையை மறைத்தது, தரையிலிருந்து எழும் வெளிச்சத்தை மறைக்கவில்லை. எதிர்ப்பக்கம் கடைகளின் முன்னால் கூரையோடு இருக்கும் அஞ்சடி நடைவழிக்குள் ஏறியதும்தான் மூச்சு வந்தது. துணிக்கடையில் கேட்டால், “இப்பத்தாம்மா போனாங்க” என்றார்கள். மறுபடி அதே சிக்னல். எட்டுகளை எண்ணுவதை அங்கே விட்டுவிட்டேன்.

மேலே வந்தபோது ஸ்டெல்லா ஆன்ட்டி பூட்டைத் திறந்துகொண்டிருந்தார்.

“அடியே ஜெனிட்டா! முகம் ஏன் இப்படிச் சிவந்து கிடக்கு? உட்காரு, உட்காரு. ஃபேன் போடுறேன்.”

ரயிலில் தயார் செய்த வாக்கியத்தில் பாதிதான் வந்தது.

“ஆன்ட்டி, லிஸ்ட்ல என் பேர்...”

“வாசிக்கிறேன்மா! நீ வராட்டியும் ஒரு வாரம்கூட விடல.”

“எடுத்துடுங்க.”

ஆன்ட்டி மேசை டிராயரிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். வாடிக்கையாளர்களின் ரவிக்கை அளவு, பிரித்துத் தைக்கும் ஆல்ட்ரேஷன் வேலை எல்லாம் எழுதும் நோட்டு. அதைத் திருப்பிப் பின்னாலிருந்து திறந்தார். அங்கே மூன்று தலைப்பு போட்டுப் பெயர்கள் எழுதியிருந்தன: நோயாளிகள், நன்றி, இறந்தோர். குணமானவர்களைச் சிவப்புப் பேனாவால் அடித்து நன்றிக்கு மாற்றுவார். இறந்தால் மூன்றாவதற்கு. அதனால் பல பெயர்கள் நோயாளிகளிலும் இன்னொரு தலைப்பிலுமாக இரண்டு இடத்தில் இருந்தன.

“குணமாயிடுச்சா? உங்கம்மா சொல்லவே இல்ல பாரு!” ஆன்ட்டியின் முகம் மலர்ந்துவிட்டது. சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினார். “ஞாயித்துக்கிழமை நன்றி மன்றாட்டுல மொதப் பேரே உன்னோடதுதான்.”

தலையாட்டினால் போதும். ஒரு ஞாயிறு எல்லாரும் கை கொடுப்பார்கள், அதோடு முடிந்துவிடும். நான் பள்ளியிலும் மருத்துவமனையிலும் எல்லாவற்றுக்கும் தலையாட்டியே பழகியவள். பேனா முனை என் பெயருக்கு மேலே வந்து நின்றது.

“இல்ல ஆன்ட்டி,” என்றேன். “குணமாகல. குணமாகாது.”

மருத்துவர் அதைச் சொல்லியிருக்கிறார். அம்மா போனில் ஊருக்கு அழுதுகொண்டே சொல்லியிருக்கிறார். என் வாயால் நான் சொன்னது அதுதான் முதல் முறை. பக்கத்தில் தையல் இயந்திரம் நின்றுவிட்டது.

“சீ, அப்படிலாம் சொல்லக்கூடாது.”

“டாக்டர்தான் ஆன்ட்டி சொன்னாங்க. அடங்கி இருக்கும், திரும்ப வரும். மறுபடி அடங்கும். எப்பவும் கூடவே இருக்கும். அதுக்காக இப்பவே செத்தும் போக மாட்டேன்.”

ஆன்ட்டி முதல் பக்கத்தைப் பார்த்தார், இரண்டாவதைப் பார்த்தார், மூன்றாவதைப் பார்த்துவிட்டு அவசரமாக மூடினார். “அப்போ நான் உன்னை எங்கதான்மா எழுதுறது?” என்று கேட்டார். விளையாட்டாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே அவருக்குத் தெரியவில்லை.

“ஆல்ட்ரேஷன் பக்கத்துல எழுதுங்கக்கா,” என்றார் காசிம் அண்ணன் அங்கிருந்து. “அதுதான் திரும்பத் திரும்ப வரும்.”

“உன்னை யாராவது கேட்டாங்களா காசிம்? தைக்கிற வேலையைப் பாரு!”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கன்னம் எரிந்தது, ஆனாலும் சிரித்தேன். சிரித்ததாலோ என்னவோ அடுத்தது சுலபமாக வந்தது.

“நான் சொல்ற வாரம் மட்டும் வாசிங்க ஆன்ட்டி. மத்த வாரம் வேண்டாம்.”

“எனக்கு எப்படித் தெரியும்?”

“சனிக்கிழமை வாட்ஸ்அப் பண்றேன்.”

“ஆறு மணிக்குள்ள லா. அதுக்கப்புறம் நான் போனைத் தொடவே மாட்டேன்.” சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். என் பெயருக்குப் பக்கத்தில் ‘கேட்டால் மட்டும்’ என்று எழுதினார்.

கீழே உணவுக்கடையில் இரண்டு தோசை, ஒரு தேநீர், நான்கு வெள்ளி இருபது காசு. சாப்பிட்டு மாத்திரை போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன். வீடு வந்து சேர்ந்தபோது மணி 3.20. பேருந்தும் ரயிலுமாகப் போக வர நான்கு வெள்ளி முப்பது காசு ஆனது. மறுநாளும் அதற்கு மறுநாளும் படுத்தே கிடந்தேன். அம்மா திட்டவில்லை, கன்னத்தில் ஈரத்துணி வைத்தார். “என்கிட்ட சொல்லியிருந்தா நானே ஸ்டெல்லாகிட்ட பேசியிருப்பேனே” என்றார். நீங்கள் பேசியதால்தானே இவ்வளவும் வந்தது என்று சொல்ல நினைத்தேன். அன்றைக்குப் பேசியது போதும் என்று விட்டுவிட்டேன்.

இந்த வழியில் போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். சி வாசலைத் தவிர வேறு வாசலில் ஏறாதீர்கள். பார்க்கப் போகிறவர் கடையில் இருக்கிறாரா என்று முதலில் செய்தி அனுப்பிக் கேளுங்கள், நான் கேட்கவில்லை. களிம்பை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும், அதற்காகத் தனியாக ஒரு சின்னக் கண்ணாடி கொண்டுபோங்கள். பதினொன்றரைக்கு மேல் சிராங்கூன் சாலையைக் கடக்க வேண்டாம். கடந்தே ஆக வேண்டுமென்றால் பச்சை விழும் வரை அஞ்சடிக்குள்ளேயே நில்லுங்கள், ஒரு பச்சை போனால் அடுத்தது வரும். மேகமாக இருக்கிறதென்று குடையை வைத்துவிட்டுப் போகாதீர்கள். என் உடம்புக்கு ஒத்துவருவது உங்களுக்கு ஒத்துவராமல் போகலாம், உங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். வந்த பிறகு இரண்டு நாள் எந்த வேலையும் வைத்துக்கொள்ளாதீர்கள். அந்த இரண்டு நாளும் பயணத்தில் சேர்ந்ததுதான் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

அந்த ஞாயிறு என் நாற்காலிக்குத் திரும்பிப் போனேன். பட்டியலில் என் பெயர் வரவில்லை, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த வாரமும் அப்படியே. மூன்றாவது வாரம் வெள்ளிக்கிழமை மணிக்கட்டு இரண்டும் வீங்கிவிட்டன, சீப்பைப் பிடிக்க முடியவில்லை. சனிக்கிழமை மாலை ஐந்து ஐம்பது வரை போனைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். எழுதினேன், அழித்தேன். பிறகு அனுப்பினேன்:

“ஆன்ட்டி, இந்த வாரம் என் பேரை வாசிங்க. நோய் பேர் வேண்டாம். இளம்பெண்ணும் வேண்டாம்.”

இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது.

“சரிம்மா. வெறும் ஜெனிட்டா.”