வழி பார்த்து வைத்தவர்

குடியை நிறுத்த உதவும் கூட்டம் சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ஒரு சர்ச்சின் மாடியில் நடப்பதாகச் சொன்னார்கள். தேடிப் போன நான், உள்ளே போய்க் கேட்கக் கூச்சப்பட்டு வாசலிலேயே நின்றேன். சாங்கி விமான நிலையச் சீருடையில், கடலை கொறித்தபடி ஒரு பெண் வந்தார்.

"மீட்டிங்கா? ரெண்டாவது மாடி."

"நீங்களும் வர்றீங்களா அக்கா?"

"நான் குடிக்கிறதில்ல லா. வீட்டுக்காரருக்காகப் பார்த்து வச்சிருக்கேன். வேலை முடிஞ்சு போறப்ப, இன்னும் இங்கதான் நடக்குதான்னு பார்த்துக்குவேன். அவர் போலாம்னு சொல்ற அன்னிக்கு இடம் தேடிட்டு நிக்கக் கூடாதுல்ல?"

என் கையில் கொஞ்சம் கடலையைக் கொட்டிவிட்டுச் சிரித்தபடி போனார். நான் படியேறினேன்.

இப்போது குடிப்பதில்லை. வாராவாரம் முன்பே போய், அறையில் விளக்கைப் போட்டு, தெருப்பக்க ஜன்னலைத் திறந்துவைக்கிறேன். அந்த அக்கா கீழிருந்து அண்ணாந்து பார்த்துக் கையசைத்துவிட்டுப் போவார். கணவர் இன்னும் வரவில்லை. ஆனாலும் அந்த முகம் வாடி நான் ஒருநாளும் பார்த்ததில்லை.