ஜப்திக்கு வந்த கொட்டு

2024 செப்டம்பர் 5, வியாழக்கிழமை, காலை பதினொன்றேகால் மணிக்கு, ஓடைப்பட்டியில் அப்பாவின் வீட்டு வாசலில் கொட்டு முழங்கத் தொடங்கியது. அடிக்க வைத்தவர்கள் அம்மாவும் நானும்.

எங்களைப் பிரிந்து போன அப்பா, என் படிப்புக்கென்று நீதிமன்றம் விதித்த ஜீவனாம்சத்தை ஆண்டுக்கணக்கில் தரவில்லை. அவர் பெயரில் இருந்தது அந்த வீடு ஒன்றே. அதையும் விலைபேசி, அன்று முன்பணம் வாங்கப்போகிறார் என்று தெரியவந்தது. வீடு கைமாறிவிட்டால் என் படிப்பு நின்றுவிடும். அதற்குள் நீதிமன்ற அமீனா கொட்டடித்து, ஜப்தி உத்தரவை வாசித்து, கதவில் ஒட்டியாக வேண்டும். கொட்டுக்காரர்களை அழைத்துவருவது வழக்குத் தொடுத்தவர்களின் பொறுப்பு.

அன்று முகூர்த்த நாள். எங்களுக்குக் கிடைத்தவர்கள் ஒரு கல்யாண வீட்டிலிருந்து நேராக வந்திருந்தார்கள்; பழக்கத்தில், சீர் கொண்டுவரும்போது அடிக்கும் அடியையே அடித்தார்கள். அடுத்த வீட்டில் காதுகுத்து. தாய்மாமன் சீருக்குக் காத்திருந்த பெண்கள் ஆரத்தித் தட்டுடன் ஓடிவந்து, அமீனாவை நிறுத்தி, மூன்று முறை சுற்றி, நெற்றி நிறையக் குங்குமம் இட்டார்கள்.

"சீர்த்தட்டெல்லாம் எங்கண்ணே?" என்றாள் ஒருத்தி.

"தட்டு இல்லத்தா. ஜப்தி" என்றார் அமீனா.

குங்குமத்தைத் துடைக்காமலேயே உத்தரவை வாசித்தார். அப்பாவும் வீடு வாங்க வந்தவரும் வெளியே வந்தார்கள். வாங்க வந்தவர் கடைசி வரிவரை நின்று கேட்டார். பிறகு கைப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "நான் பெறகு வாரேன்" என்று செருப்பைத் தேடினார்.

அப்பா அம்மாவிடம், "கொட்டடிச்சு ஊரக் கூட்டுவியா?" என்றார்.

"கோர்ட்டுல அடிக்கச் சொன்னாக, அடிச்சோம். காதுகுத்துக்கும் சேத்து ஆச்சு" என்றாள் அம்மா.

நான் துப்பட்டாவைக் கடித்துக்கொண்டேன், பயனில்லை. பேருந்து நிறுத்தம் வரை சிரித்தோம். உரக்கப் பேசுவதையே விரும்பாத அம்மா, சாலையோரத்தில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

மாலையில் அத்தை, அப்பாவின் அக்கா, தொலைபேசியில் அழைத்தார். "பாக்கி பூராத்தையும் கோர்ட்டுல கட்டிருதேன்னு ஒங்கப்பன் சொல்லிட்டான். இனிமே கொட்டு மட்டும் வேணாம்த்தா."

மறுநாள் காலை தேனிக்குப் பேருந்தேறி வகுப்புக்குப் போனேன். முந்தைய நாள் வராததற்குக் காரணம் எழுதித் தரச் சொன்னார்கள். 'அப்பா வீட்டில் விசேஷம்' என்று எழுதினேன். பிறகு, துல்லியமாக இருக்கட்டும் என்று 'விசேஷம்' என்பதை அடித்துவிட்டு 'ஜப்தி' என்று எழுதிக் கொடுத்தேன்.