சிரிப்பும் விலைக்குள் அடக்கம்

இந்த வருடத்தில் மட்டும் மூன்றாவது ஆள். சுவிஸில், லுசேர்ண் நகரில் நான் வேலை செய்யும் ஹோட்டலின் சலவைப் பகுதியில் துவாய் மடித்துக்கொண்டிருந்தபோது, எங்களுக்குப் பொறுப்பான பெண் வெயிலில் சிவந்த மூக்கோடு வந்து நின்று, காம்பியாவுக்கு விடுமுறை போய் வந்த கதையைச் சொன்னார். மேற்கு ஆபிரிக்காவில் ஓர் ஆற்றின் இரு கரையிலும் நீண்டு கிடக்கும் சின்ன நாடு. இப்போது எல்லோரும் அங்கேதான் போகிறார்களாம். சனங்கள் ஏழைகளாம், ஆனாலும் என்ன சிரிப்பாம். நான் தலையாட்டினேன். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். வாயைத் திறந்தால் வேலை போய்விடுமோ என்ற பயத்திலேயே பாதி நாள் போய்விடுகிறது. ஆனால் அன்று பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை நெஞ்சு எரிந்தது.

காம்பியா என்ற பெயரை நான் முதலில் கேட்டபோது எனக்குப் பத்து வயது. லுசேர்ணுக்குப் பக்கத்தில் எம்மன்புரூக்கேயில் மூன்றாம் மாடியில் இருந்தோம். அப்பாவுக்கு லுசேர்ணில் ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றின் குசினியில் வேலை. அவருக்குப் பக்கத்தில் நின்று கோப்பை கழுவியவர்தான் காம்பியா மாமா. குசினியில் பாதிப்பேர் தமிழர்கள் என்பதால் அண்ணை, உப்பு, அவசரப்படுத்தும் கெதியா என்ற மூன்று சொற்கள் அவருக்கு வந்திருந்தன. மற்றதெல்லாம் கேட்டுப் பழகிய ஜெர்மன், வாசிக்க வராது. அம்மாவுக்கு ஜெர்மன் பேசவே வராது. ஆகவே வீட்டில் நான்தான் மொழிபெயர்ப்பாளர். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

பள்ளிக்கூடம் மதியத்தோடு விடும் ஒரு புதன்கிழமை, அப்பா அவரைச் சாப்பிடக் கூட்டி வந்தார். அம்மா மீன்குழம்பு வைத்திருந்தார். எங்கள் வீட்டில் மீன் என்றால் மேசையில் தாள் விரிப்போம். முள்ளை அதிலேயே போட்டுச் சுருட்டி எறிந்துவிடலாம். அம்மா பயணச்சீட்டு விற்கும் கடை ஒன்றில் துப்புரவு வேலை செய்தார். பருவம் முடிந்ததும் அங்கே எறியும் விளம்பரப் புத்தகங்களை அள்ளி வருவார். பளபளப்பான தாள், குழம்பு ஊறாது. அன்றும் நாலு பக்கத்தைக் கிழித்து விரித்தார். எந்த நாடு என்றெல்லாம் யார் பார்த்தோம்?

மாமா விருப்பமாகத்தான் சாப்பிட்டார். இரண்டாம் தரம் சோறு போட அம்மா அவருடைய சோற்றுக் கோப்பையைத் தூக்கினார். மாமா குனிந்த தலை நிமிரவில்லை. கண்ணில் நீர். ஒரு கை தொண்டையில்.

"முள்ளுக் குத்திப்போட்டுது," என்றார் அம்மா. "வெறுஞ்சோத்தை உருட்டித் தாறன், சப்பாமல் விழுங்கச் சொல்லு பிள்ளை."

சொன்னேன். அவர் இல்லை என்று தலையாட்டினார். அம்மா விடவில்லை. மரியாதைக்காக ஓர் உருண்டையை விழுங்கினார். "இறங்கிட்டுதோ எண்டு கேள்." கேட்டேன், அவர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது உருண்டை. அப்பா முதுகில் தட்டினார்.

"நான் படிச்சுப் படிச்சுச் சொன்னனான், முள்ளில்லாத மீனா எடு எண்டு."

"ஓம், குசினிக்காரர் நீங்கள், நீங்களே சமைச்சிருக்கலாம்."

மூன்றாவது உருண்டையை மாமா ஓரமாக வைத்துவிட்டு, தாளில் கிடந்த முள்ளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். சட்டைக் கையால் குழம்பைத் துடைத்தார். நீலக் கடல், வெள்ளைக் குடைகள், முன்னால் பழத்தட்டோடு சிரிக்கும் ஒரு பெண்.

"அண்ணை," என்றார் அப்பாவிடம். பிறகு ஜெர்மனில், இது என் தங்கை என்றார்.

எட்டு வருடமாக முகம் காணாத தங்கை. அவர் புறப்பட்டபோது அந்தக் கரையில் படகுகள் நின்றனவாம். அவள் மீனைப் புகையில் வாட்டி விற்பாளாம். பிறகு ஹோட்டல் வந்தது. றோட்டு வந்தது, கரண்ட் வந்தது, அவளுக்குச் சம்பளமும் வந்தது, பொய் சொல்லக்கூடாது. சொந்தக் கரைக்குப் போகத்தான் வாசலில் காவலாளியிடம் கேட்க வேண்டியிருந்ததாம். இதையெல்லாம் தொலைபேசியில் சொன்னவள் படத்தைப் பற்றிச் சொல்லவில்லை. எடுத்தவர்கள் அவளிடம் கேட்டிருந்தால்தானே அவளுக்குத் தெரிந்திருக்கும்.

கீழே என்ன எழுதியிருக்கிறது என்று மாமா கேட்டார். வகுப்பில் வாசிப்பதுபோல் எழும்பி நின்று வாசித்தேன். அம்மாவுக்காகத் தமிழிலும் சொன்னேன்.

"ஆறு மணித்தியாலப் பறப்பு. சிரிப்பும் விலைக்குள்ள அடக்கமாம்."

அம்மா சோற்றுப் பானையை மூடினார். எனக்கோ நல்ல செய்தி கொண்டுவந்த சந்தோஷம். "ஆறு மணித்தியாலம்தானே மாமா, நீங்களும் ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வாங்கோவன்."

"வாயைப் பொத்து," என்றார் அப்பா. அதற்கு முன் அவர் என்னை அப்படி ஏசியதில்லை.

மாமாவிடம் இருந்தது, அகதி மனுவுக்கு முடிவு வராதவர்களுக்குக் கொடுக்கும் அட்டை. வெளியே போனால் திரும்பி வர முடியாது. தங்கைக்கு இங்கே வர விசா கிடையாது. அவளுடைய படம் மட்டும் ஒரு கடுதாசியும் காட்டாமல் எல்லை தாண்டி வந்து கடை கடையாகக் கிடந்தது. காசுள்ள எவரும் போய் அவள் முன்னால் சாய்ந்து படுக்கலாம், தட்டில் எடுத்துத் தின்னலாம். கூடப் பிறந்தவன் மட்டும் மீன்முள்ளுக்குக் கீழே அவளைக் கண்டுபிடிக்க வேண்டும். இது என்ன நியாயம்? யாரிடம் கேட்பது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. கேட்டால் என்ன ஆகுமோ என்ற பயமும் போகவில்லை.

அடுத்த கிழமை அம்மா அதே விளம்பரப் புத்தகத்தில் கறைபடாத ஒன்றைத் தேடிக் கொண்டுவந்தார். மாமா வந்து கத்தரிக்கோல் கேட்டார். எங்கள் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து தங்கையை மட்டும் ஓரம் ஓரமாக வெட்டி எடுத்தார். பழத்தட்டையும் நீக்கப் பார்த்தார். விரல்கள் போய்விடும் போலிருந்தது, விட்டுவிட்டார். மிச்சத்தைக் கசக்காமல் குப்பைவாளியில் போட்டார்.

இவ்வளவு வடிவான கடலை எறிகிறாரே என்று எனக்குச் சினமாக இருந்தது. அவர் போனதும் எடுத்து என் கொப்பிக்கு உறை போட்டேன். நடுவில் பெண் அளவில் ஓர் ஓட்டை. கொப்பி மட்டை நீலம், கடலும் நீலம். ஓட்டை இருப்பதே தெரியவில்லை என்று அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.